ஒனேசிமுக்கு ஒரு பெயர் உண்டு: சரண்பூர் தரும் பாடம்

(செப்டம்பர் கடைசி ஞாயிறன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் புலம்பெயர்ந்தோர் நாளில், வானொலியில் ஒலித்த மறையுரை. பங்குமக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே மறுபதிப்பாகிறது.)



பவுல் அடியார் பிலமோனுக்கு எழுதிய திருமுகம் ஒரே அதிகாரம்தான், இருபத்தைந்தே வசனங்கள். ஞாயிறு திருப்பலியில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் அது நம் காதில் விழுகிறது. வாசகர் தொடங்கியதும் முடிந்துவிடும். எசமானை விட்டு ஓடிப்போன ஓர் அடிமை, சிறையிலிருக்கும் பவுலிடம் வந்து சேருகிறார். பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார். ஆனால் கையில் ஒரு கடிதம் கொடுத்து, இவரை அடிமையாக எண்ணாமல் உடன்பிறப்பாக ஏற்றுக்கொள் என்று கேட்டு அனுப்புகிறார்.

அந்த அடிமையின் பெயர் ஒனேசிம். கிரேக்க மொழியில் 'பயனுள்ளவன்' என்று பொருள். மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல, வேலைக்கு ஆகிறவன் என்பதற்காக அடிமைகளுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. பவுல் அந்தப் பெயரைச் சொல்லித் தயக்கமின்றி அழைக்கிறார். 'என் பிள்ளை' என்றும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருஅவை அந்தப் பெயரைப் பீடத்திலிருந்து வாசித்து வருகிறது. எசமானின் வீட்டில் எத்தனையோ அடிமைகள் இருந்திருப்பார்கள். பெயர் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

இந்த ஞாயிறன்று பெயரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நமக்குப் பெருமை தரும் காரணம் அல்ல.

நம் சுற்றுவட்டாரத்தில் அச்சகங்களிலும், நூற்பாலைகளிலும், கட்டட வேலையிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு முதல் பூசைக்கு வந்து, கோயிலின் கடைசியில் தரையில் உட்காருவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, ஊரில் தன் தந்தை இறந்துபோனார், அடக்கத்துக்குப் போக முடியவில்லை, அவருக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்று கையாலும் அரைகுறைத் தமிழாலும் சொன்னார். தந்தையின் பெயரைச் சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னார். பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தது, பூசைக்கு மணி அடித்துவிட்டது. கருத்துப் பதிவேட்டில் 'வடநாட்டுத் தொழிலாளி ஒருவரின் தந்தை' என்று எழுதிக்கொண்டோம். பூசையில் அப்படியே வாசித்தோம்.

பூசை முடிந்தபின் அவர் மறுபடியும் வந்து நின்றார். கோபப்படவில்லை. தந்தையின் பெயரை மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்றாவது முறைதான் நம்மை இந்த வரலாற்றைத் தேடிப் போகவைத்தது. வேற்று நாட்டு மக்கள், புதிய நகரம், அவர்களுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்ட மறைப்பணியாளர்கள்: இந்த மூன்றும் நம் நாட்டிலேயே ஒருமுறை சந்தித்தன. அகதிகளாக வந்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். நகரங்கள் பம்பாயும் நாசிக்கும்.

சரணடைந்தோர் ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரைப் பிடித்து விற்கும் வாணிபம் இந்துமாக்கடலில் நடந்தது. கில்வா, சான்சிபார் துறைமுகங்களில் பாய்மரக் கப்பல்களில் ஏற்றி அரேபியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் கொண்டுபோனார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பகுதி சிறுவர் சிறுமியர். பிரிட்டன் தன் மக்களுக்கு அடிமை வாணிபத்தை 1807-இல் தடை செய்தது. பின்னர் சிற்றரசர்களோடும் சுல்தான்களோடும் ஒப்பந்தம் செய்து, அதன் போர்க்கப்பல்கள் இந்த மரக்கலங்களை வழிமறித்தன.

மறித்து மீட்டாயிற்று. மீட்ட பிள்ளைகளை எங்கே இறக்குவது? எந்த ஊரில் பிடித்தார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் அந்த ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் பிடித்துப் போவார்கள். ஆகவே ஏடனிலும், சீசெல்ஸ் தீவுகளிலும், பம்பாயிலும் இறக்கினார்கள். பம்பாய்த் துறைமுகத்தில் வளர்ந்தவர்கள் பலர் நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிப்போடும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் குடும்பங்களிடமும் கிறிஸ்தவ மிஷன்களிடமும் ஒப்படைக்கப்பட்டார்கள்.

அப்படி ஏற்றுக்கொண்ட இடங்களில் பெரியது நாசிக் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் சால்ட்டர் பிரைஸ் என்ற போதகர் 1850-களின் நடுவில் அதை நிறுவினார். அதற்கு வைத்த பெயர் சரண்பூர். 'சரண்' என்ற சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழில் சொன்னால் அடைக்கலபுரம். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையை வணங்குகிற நமக்கு, திருச்செந்தூர்ப் பக்கம் அடைக்கலாபுரம் என்றே ஓர் ஊர் வைத்திருக்கிற நமக்கு, இந்தப் பெயரின் சுவை உடனே தெரியும். இன்றும் நாசிக் நகரில் 'சரண்பூர் ரோடு' என்ற பெரிய சாலை இருக்கிறது. அதில் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தெரியுமோ!

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே சி.எம்.எஸ். சங்கம் ஏறத்தாழ அதே காலத்தில் நம் கரிசல் காட்டுக்கும் ஆளனுப்பியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தாமஸ் ரேக்ளண்ட், 1854 முதல் சிவகாசியை மையமாக வைத்து, கூடாரமும் மாட்டுவண்டியுமாக வடதிருநெல்வேலிக் கிராமங்களைச் சுற்றி வந்தார். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே உயிர் துறந்தார். பட்டாசும் அச்சகமும் வருவதற்கு வெகுகாலம் முந்தைய சிவகாசி அது. அவர்கள் நம் சபையினர் அல்லர். ஆனால் ஒரே ஆண்டவரின் பெயரால் நம் மண்ணை மிதித்தவர்கள். அவர்கள் செய்த நன்மையையும் தவறிய இடத்தையும் சொந்த வீட்டுக் கதைபோலவே நாம் கேட்கலாம்.

கடன் வாங்கிய பெயர்கள்

1860 வாக்கில் மீட்கப்பட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் காப்பகமாகவும் சரண்பூர் ஆனது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பையன்களுக்குத் தச்சு, கொல்லுவேலை, பயிர்த்தொழில். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வீட்டுவேலையும். ஆங்கிலமும் இந்துஸ்தானியும் அவர்கள் நாக்கில் ஏறின. பிறந்த ஊரின் பேச்சு பலருக்கு மறந்தேபோனது. பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியபோதும் அவர்களை அங்கே 'பம்பாய் ஆப்பிரிக்கர்' என்றுதான் அழைத்தார்கள்.

நல்ல காரியம் நடந்தது, அதில் ஐயமில்லை. பசிக்குச் சோறும், கைக்குத் தொழிலும், சாட்டைக்குத் தப்பிய தூக்கமும் கிடைத்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: சைமன் பிரைஸ், ரிச்சர்ட் ஐசன்பர்க், காரஸ் ஃபரார், எட்வர்ட் கார்ட்னர், ஜேக்கப் வெயின்ரைட், மேத்யூ வெலிங்டன். பிரைஸ், ஐசன்பர்க், ஃபரார் எல்லாம் அங்கே ஊழியம் செய்த போதகர்களின் குடும்பப் பெயர்கள். திருமுழுக்கில் புதுப்பெயர் தருவது நம் மரபுதான். சவுல் பவுலானதைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் பவுலுக்குத் தான் சவுல் என்பதும், தன் ஊர் தர்சு என்பதும், தன் குலம் பென்யமின் என்பதும் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் முதற்பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நாசிக்கிலிருந்து போனவர்களை மொத்தமாக 'நாசிக் பையன்கள்' என்றே குறித்தார்கள். முப்பது வயது ஆனபின்னும் பையன்கள்தான்!

மேத்யூ வெலிங்டன் என்பவர் மட்டும் நெடுநாள் வாழ்ந்து, முதுமையில் தன் கதையைச் சொல்லிவைத்தார். தாயும் தந்தையும் தனக்கு இட்ட பெயர் செங்விம்பே என்று அவருக்கு நினைவிருந்தது. 1935-இல் மொம்பாசாவில் அவர் இறந்தார்.

உடலைச் சுமந்தவர்கள்

1865-இல் டேவிட் லிவிங்ஸ்டன் பம்பாய்க்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர், மறைப்பணியாளர், ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளை நடந்தே கண்டவர். மறுபயணத்துக்கு ஆள் தேடி நாசிக்கிலிருந்து ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டார். அவரோடு சூமா என்ற இளைஞரும் இருந்தார். 1861-இல் அடிமைக் கூட்டத்திலிருந்து சிறுவனாக மீட்கப்பட்டு, பின்பு லிவிங்ஸ்டனோடு சிறுகப்பலில் கடல் கடந்து பம்பாய்க்கு வந்து, அங்கே ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர். பம்பாய்த் துறைமுகத்தில் கூலிவேலை செய்த சூசி என்பவரும் சேர்ந்துகொண்டார்.

1866-இல் பயணம் தொடங்கியது. தொடங்கிய சில வாரங்களிலேயே லிவிங்ஸ்டன் தன் நாட்குறிப்பில் நாசிக் ஆட்களைக் குறைசொல்லி எழுதுகிறார்: சோம்பேறிகள், சுமை தூக்க மாட்டார்கள், பேச்சுக் கேட்பதில்லை. நம் ஊரில் மேஸ்திரிகள் வெளியூர் ஆட்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே கேட்பதுபோல் இருக்கும். பிலமோனும் ஒனேசிமைப் பற்றி இப்படித்தான் புலம்பியிருப்பார் என்று நினைக்கிறோம். சிலர் விலகிப் போனார்கள். சிலர் கடைசிவரை இருந்தார்கள். 1872-இல் உதவிக்கு மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டபோது, ஜேக்கப் வெயின்ரைட், மேத்யூ வெலிங்டன் உள்ளிட்ட வேறு சில நாசிக் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியா நாட்டில், சித்தாம்போ என்ற தலைவரின் ஊரில் ஒரு குடிசையில் லிவிங்ஸ்டன் நோயால் இறந்தார். கட்டிலருகே முழந்தாளிட்ட நிலையில் அவரைக் கண்டார்கள். சுற்றிலும் காடு. வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. உடலை அங்கேயே புதைத்துவிட்டு அவரவர் வழியில் போயிருந்தால் கேட்பார் யாருமில்லை. கூடிப் பேசினார்கள். உடலை அவருடைய சொந்த மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். ஜேக்கப் வெயின்ரைட் செபப்புத்தகத்தைத் திறந்து அடக்கச் சடங்கை வாசித்தார். பிறகு மரத்தில் லிவிங்ஸ்டனின் பெயரையும் நாளையும் செதுக்கி, உடனிருந்த தோழர் சிலரின் பெயர்களையும் சேர்த்துச் செதுக்கினார். தன் சொந்தப் பெயரை இழந்த ஒருவர் மற்றவர்களின் பெயர் அழியக்கூடாது என்று மரத்தைச் செதுக்கிய அந்தக் காட்சியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த மரத்துண்டு இப்போது லண்டனில் அரச நிலவியல் கழகத்தில் இருக்கிறது.

உடலுக்கு உப்பிட்டு, இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றி, கம்பில் கட்டித் தூக்கினார்கள். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட நடை. எட்டு ஒன்பது மாதம். வழியில் நோயால் சிலர் இறந்தார்கள். பாதி வழியில் எதிர்ப்பட்ட ஆங்கிலக் கடற்படை அதிகாரி கேமரன், இங்கேயே புதைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்னார். மறுத்துவிட்டார்கள். பிணம் தங்கள் ஊர் வழியே போகக்கூடாது என்று சில ஊரார் தடுத்தபோது, ஒரு போலிக்கட்டைச் செய்து பிணத்தைத் திருப்பி அனுப்புவதுபோல் அனுப்பிவிட்டு, உண்மை உடலைத் துணிமூட்டைபோல் கட்டித் தொடர்ந்தார்கள். 1874 பிப்ரவரியில் கடற்கரையிலிருந்த பகமோயோ வந்து சேர்ந்தார்கள்.

பகமோயோவில் அந்த உடல் வைக்கப்பட்ட இடம் ஒரு கத்தோலிக்க ஆலயம். தூய ஆவி சபைக் குருக்கள் 1868-இல் அங்கே ஒரு மறைத்தளம் தொடங்கி, மீட்கப்பட்ட அடிமைகளுக்கென்று ஒரு விடுதலைக் கிராமமே அமைத்திருந்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் திருமுழுக்குப் பெற்ற முன்னாள் அடிமைகள், ஸ்காட்லாந்துப் புரட்டஸ்டாண்டு ஒருவரின் உடலைச் சுமந்துவந்து, கத்தோலிக்கக் குருக்களின் ஆலயத்தில் இறக்கிவைத்தார்கள். சபைகள் ஒன்றோடொன்று பேசாத காலம் அது. கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிச் சங்க ஏடுகள் வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே, அதை அகதிகள் தோளில் தூக்கிவந்து காட்டினார்கள்.

அதன்பின் நடந்தது வருத்தமானது. பிரிட்டிஷ் அதிகாரி உடலைப் பெற்றுக்கொண்டு, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கலையச் சொன்னார். கப்பலில் உடலோடு போனவர் ஜேக்கப் வெயின்ரைட் ஒருவரே. 1874 ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவரும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சூமாவும் சூசியும் அடக்கம் முடிந்தபிறகுதான் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார்கள். லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகள் நூலாக வருவதற்கு உட்கார்ந்து விவரம் சொன்னவர்கள் அவர்கள்தான். சோம்பேறிகள் என்ற குறையும் அந்த நூலில் இருக்கிறது. சுமந்துவந்த கதையும் அதிலேயே இருக்கிறது.

திரும்பிப் போனவர்கள்

சரண்பூரின் கதை இதோடு முடியவில்லை. 1864 முதலே வில்லியம் ஜோன்ஸ், இஷ்மாயேல் செம்லர், ஜார்ஜ் டேவிட் போன்றவர்கள் நாசிக்கிலிருந்து இன்றைய கென்யாவுக்குப் போய், மொம்பாசா அருகே ரபாய் என்ற ஊரில் மறைப்பணி செய்தார்கள். 1873-இல் சான்சிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூடினார். அதற்கான உடன்பாட்டுக்கு உழைத்த பார்ட்டில் ஃப்ரியர், முன்பு பம்பாய் ஆளுநராக இருந்தவர். நாசிக் ஆப்பிரிக்கரை நன்கு அறிந்தவர். மீட்கப்படுவோரை இனி ஆப்பிரிக்காவிலேயே குடியேற்றலாம் என்று முடிவாயிற்று. பிரைஸ் போதகரே கடல் கடந்து போய் மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் 1875-இல் ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். அதுதான் ஃப்ரியர்டவுன். புதிதாக மீட்கப்பட்டு வந்தவர்களுக்குப் பாடம் சொன்னவர்களும், தொழில் பழக்கியவர்களும், கோயில் பணி செய்தவர்களும் பம்பாய் ஆப்பிரிக்கர்களே. ஆபத்து வரும்போது அடிக்க ஒரு மணி தொங்கவிட்டார்கள். அந்த மணியால் அந்த இடத்துக்கே இன்று கெங்கெலேனி என்று பெயர். சுவாகிலி மொழியில் 'கெங்கெலே' என்றால் மணி.

வில்லியம் ஜோன்ஸ் சிறுவயதில் கடத்தப்பட்டவர், கொல்லுவேலை கற்றவர். 1885-இல் ஆயர் ஹானிங்டன் அவரையும் செம்லரையும் திருத்தொண்டர்களாகத் திருநிலைப்படுத்தினார். அதே ஆண்டு ஆயரோடு உகாண்டாவை நோக்கிய பயணத்தில் ஜோன்ஸ் போனார். பாதி வழியில் பெருங்கூட்டத்தை ஜோன்ஸின் பொறுப்பில் விட்டு ஆயர் முன்னே சென்றார். அக்டோபர் 29 அன்று, அரசன் முவாங்காவின் ஆணைப்படி ஆயர் கொல்லப்பட்டார். ஜோன்ஸ் காத்திருந்து, செய்தி உறுதியானதும், மிஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு நெடும்பயணமாய் ரபாய் திரும்பினார். நீலத் துணியில் 'இக்கபோது' என்ற சொல்லைத் தைத்த கொடியோடு அவர்கள் ஊருக்குள் வந்தார்கள். ஏலியின் மருமகள் சாகும் நேரத்தில் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது: மாட்சி அகன்றுவிட்டது என்பது பொருள்.

இந்த இடத்தில் நம் திருஅவையின் வரலாறும் வந்து கலக்கிறது. ஆயரைக் கொன்றது தவறு என்று அரசன் முகத்துக்கு நேரே சொன்னவர் அரண்மனைப் பணியாளரான ஜோசப் முகாசா பாலிகுதெம்பே. அதற்காக 1885 நவம்பர் 15 அன்று அவர் கொல்லப்பட்டார். உகாண்டா மறைச்சாட்சிகளுள் முதல் கத்தோலிக்கர் அவர். வேறு சபை ஆயர் ஒருவருக்காகப் பேசி உயிர்விட்டவர்! மறு ஆண்டு சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் எரிக்கப்பட்டார்கள். 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த இருபத்திரண்டு பேருக்கும் புனிதர் பட்டம் அளித்தார். ஜூன் 3 அன்று அவர்கள் திருநாளை நாம் கொண்டாடுகிறோம். நாசிக் கொல்லுப்பட்டறையில் தொடங்கிய ஒரு பாதை நம் புனிதர்களின் பாதையோடு போய்ச் சேருகிறது.

ஆயினும் ஃப்ரியர்டவுனில் வெள்ளைக்காரப் பணியாளருக்கும் பம்பாய் ஆப்பிரிக்கருக்கும் இடையே சம்பளத்திலும் மரியாதையிலும் பிணக்கு மூண்டது. வளர்த்தவர்களே, வளர்ந்தவர்களைச் சமமாக உட்காரவைக்கத் தயங்கினார்கள். சோறு போடுவது எளிது. சோறு போட்ட பிள்ளை எதிரே நாற்காலியில் உட்காரும்போதுதான் நம் அன்புக்குச் சோதனை வருகிறது.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் குறையைச் சொல்லும்போது நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். கோவாவிலும் கொச்சியிலும் போர்த்துக்கீசக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தன. ஞாயிறு பூசைக்கு எசமானுக்குக் குடை பிடித்து வந்தவனுக்கும் திருமுழுக்குக் கொடுத்தார்கள், விடுதலை கொடுக்கவில்லை. அடிமை வாணிபத்தைத் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி 1839-இல் கடுமையாகக் கண்டித்தார். அதற்குள் எத்தனை தலைமுறை போய்விட்டது!

அந்த இருட்டில் விளக்கேற்றியவர்களும் நம்மவர்களே. தென் அமெரிக்காவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் அடிமைக் கப்பல் வந்ததும் பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு கப்பலின் அடித்தட்டுக்குள் இறங்கினார் புனித பீட்டர் கிளேவர். 1622-இல் தன் இறுதி வார்த்தைப்பாட்டில், ஆப்பிரிக்கருக்கு என்றென்றும் ஊழியன் என்று கையொப்பமிட்டவர். செப்டம்பர் 9 அவர் திருநாள். ஆனால் அவருக்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவும் தெரியாது. அந்தந்த மொழி பேசும் ஆப்பிரிக்கர்களை உடன் அழைத்துப்போனார். அவர்கள் வாய் திறக்காவிட்டால் அவருடைய மறைப்பணி நடந்திருக்காது. சூடானில் கடத்தப்பட்ட புனித பகித்தாவை எண்ணுங்கள். பயத்தில் தன் பெயரே மறந்துபோன சிறுமி. கடத்தியவர்கள் வைத்த 'பகித்தா' என்ற பெயரோடுதான் 2000-ஆம் ஆண்டில் பீடமேறினார்.

நம் முற்றத்தில்

இறைமக்களே, இந்தக் கரிசல் பூமி, பெயர்ந்து போவதென்றால் என்னவென்று அறிந்த பூமி. பஞ்சம் வந்தபோதெல்லாம் கண்டிச் சீமைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் அவர்களும் வெறும் எண்களாகத்தான் இருந்தார்கள். 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டபின் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையிலும் சேவலூரிலும் முகாம்கள் அமைந்தன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். 'அகதி' என்ற சொல்லை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்க அரசு 2021-இல் முடிவெடுத்தது. ஒரு பெயர் மாறுவதற்கு இத்தனை ஆண்டு ஆயிற்று.

இப்போது நம் முற்றத்துக்கு ஒனேசிம்கள் வந்திருக்கிறார்கள். நம் ஊர் ஆலைகளில் அவர்கள் சுமை தூக்குகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் குடிபெயர்ந்தோரைப் பற்றி நான்கு வினைச்சொற்களைத் தந்தார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். சரண்பூர் முதல் மூன்றையும் செய்தது என்றே சொல்வோம். நான்காவதில் தடுக்கியது. நம் பங்கோ முதலாவதின் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. பெயரைக் கேட்காதவன் யாரை வரவேற்றான்?

ஆகவே மூன்று சிறு காரியங்களைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஒன்று, கருத்துப் பதிவேட்டில் இனி யாருடைய பெயரும் அவருடைய ஊரையோ வேலையையோ வைத்து எழுதப்படாது. நமக்கு எழுதத் தெரியாவிட்டால், அவர்களே தங்கள் எழுத்தில் எழுதட்டும்; படிக்கவும் அவர்களே முன்னால் வரட்டும். இரண்டு, மாதத்தின் கடைசி ஞாயிறன்று இரண்டாம் வாசகம் இந்தியில் வாசிக்கப்படும். அவர்களில் சிலர் தங்களுக்குள் பேசுவது சாத்ரி மொழி. அதில் ஒரு காணிக்கைப் பாடல் பாடவும் கேட்டிருக்கிறோம். நமக்குப் புரியாது. அவர்கள் ஆண்டு முழுக்கப் புரியாத பூசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் ஐந்து நிமிடம் உட்காரலாம். மூன்று, கடைசி வரிசைத் தரையிலிருந்து அவர்களை எழுப்பி நம் பக்கத்தில் உட்காரவைப்பது. இதற்கு அறிவிப்பு தேவையில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.

தந்தைக்காகப் பூசை கேட்ட அந்த இளைஞர் இப்போது இங்கே இல்லை. அடுத்த மாதமே வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நமக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரோடு அறையில் இருந்த நண்பர் ஒருவரிடம் கேட்டு, இறந்த அந்தத் தந்தையின் பெயரைப் பதிவேட்டில் அவர் கையாலேயே இந்தி எழுத்தில் எழுதி வாங்கினோம். வருகிற நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள் திருப்பலியில் நம் சொந்தத் தாய் தந்தையரின் பெயர்களோடு அந்தப் பெயரும் வாசிக்கப்படும். வாசிக்கப்போகிறவர் இப்போதிருந்தே உச்சரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.

செபிப்போம். ஆண்டவரே, உம் உள்ளங்கையில் எங்கள் எல்லார் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறீர். நாங்கள் எழுதாமல் விட்ட பெயர்களும் அங்கே இருக்கின்றன என்று நம்புகிறோம். எங்கள் வாசலுக்கு வருகிறவரின் பெயரை முதல்முறை சொல்லும்போதே கேட்டுக்கொள்ள எங்களுக்குக் காது கொடும். ஆமென்.